திரைப்பட விழாவும் விடுமுறைப் பருவத்து உழைப்பும்: கான் நகரை முன்வைத்துச் சில சிந்தனைகள்

திரைப்பட விழாக்கள் பற்றி எழுந்துள்ள எழுத்துக்களை நோக்குமிடத்து, அவற்றுட் பெரும்பாலானவை மூன்று பொருள்களையே மீண்டும் மீண்டும் பேசுவதைக் காணலாம். எப்படம் பரிசு பெற்றது, எந்நெறியாளர் புதிதாக இனங்காணப்பட்டார், நடுவர் குழுவினரிடையே எத்தகைய கருத்து வேறுபாடு தோன்றிற்று என்பனவே அவை. அவ்விழா எவருடைய உழைப்பினால் நடைபெறுகின்றது என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. விழா என்னும் சொல்லே அவ்வினாவை மறைத்துவிடுகின்றது எனலாம். யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களை அறிந்த எமது வாசகருக்கு இது புதிதன்று. நிலபாவாடை விரித்தவரும், வெள்ளை கட்டியவரும், மேளம் அடித்தவரும் இன்றித் திருவிழா இல்லை. ஆயினும் உபயகாரர் பட்டியலில் அவர்களுடைய பெயர்கள் இடம்பெறுவதில்லை. அங்கு அவ்வுழைப்பினைப் பிணைத்து நின்றது குடிமை முறை. நாம் இங்கு ஆராயப் புகும் விழாவில் உழைப்பினைப் பிணைப்பது பருவகால ஒப்பந்தம். இரண்டும் ஒன்றல்ல. இரண்டாவதன் இயல்பினை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பருவம் என்னும் சொல்லை நாம் இங்கு ஆங்கிலத்தில் ‘சீசன்’ எனப்படும் பொருளிலேயே கையாளுகின்றோம். ஏப்ரில் மாதத்து நுவரெலியாவை அறிந்தோர்க்கு அச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஒருவருக்கு ஓய்வாக அமையும் நாள்கள் பிறிதொருவருக்கு ஓய்வொழிச்சலற்ற நாள்களாக அமைவதே சீசன். திரைப்பட விழாவோ இத்தகைய சீசனின் நடுவே தற்செயலாக வந்தமைந்த கலை நிகழ்ச்சியன்று. சீசனை நீட்டிக்கும் கருவியாகவே அது பிறந்தது.

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரஞ் செல்ல வேண்டியதில்லை. உலகின் முதலாவது சர்வதேசத் திரைப்பட விழா எனக் கொள்ளப்படும் வெனிஸ் விழா 1932 ஓகஸ்டில் ஆரம்பமானது. நடைபெற்ற இடம் திரையரங்கன்று; லிடோ தீவின் கடற்கரையிலுள்ள எக்செல்சியர் ஹோட்டலின் திறந்த மேல்தளம். விழாவினை நடத்திய வெனிஸ் பியனாலே நிறுவனத்தின் தலைவர் ஜுசெப்பே வொல்பி. இவர் 1925 தொடக்கம் 1928 வரை முசோலினியின் நிதி அமைச்சராயிருந்தவர். மின்சாரக் கம்பனியின் அதிபர். எக்செல்சியர் உள்ளிட்ட பெரும் ஹோட்டல்களை உடைமையாகக் கொண்ட கம்பனியிலும் ஆதிக்கஞ் செலுத்தியவர். கலை, அரசு, மூலதனம் ஆகிய மூன்றும் ஒரு மனிதரில் இவ்வளவு வெளிப்படையாகச் சந்திப்பது வரலாற்றில் அரிது. அவ்விழாவில் நடிப்புக்காக இன்றும் வழங்கப்படும் கிண்ணம் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றது என்பதையும் குறிப்பிட்டுச் செல்லலாம்.

கான் விழாவின் தோற்றம் இதற்கு எதிர்நிலையானது என்பது வழக்கமான கூற்று. அதில் உண்மையுண்டு. 1938இல் வெனிஸில் முசோலினி கிண்ணம் லெனி றீபன்ஸ்டாலின் ‘ஒலிம்பியா’வுக்கும், முசோலினியின் மகன் மேற்பார்வை செய்த இத்தாலியப் படமொன்றுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. இதனால் வெறுப்புற்ற பிரெஞ்சுப் பிரதிநிதிகள் பாசிசத்தின் பிடியில் இல்லாத விழாவொன்று வேண்டுமெனக் கருதினர். கல்வி, நுண்கலை அமைச்சராயிருந்த ஜோன் சே அதற்கு உருக்கொடுத்தார். 1944 ஜூனில் விஷி ஆட்சியின் துணைப்படையினராற் கொலையுண்டவர் அவர். அவரது நோக்கினை ஐயுறுதற்கில்லை. ஆயின், அந்நோக்கு செயலாக வேண்டியபோது இடம் எது, காலம் எது என்ற வினாக்கள் எழுந்தன. பியாரிற்ஸ், கான் என்னும் இரு கடற்கரை உல்லாச நகரங்கள் போட்டியிட்டன, கான் வென்றது. 1939 செப்ரெம்பர் 1 எனத் தொடக்க நாள் குறிக்கப்பட்டது. கோடை விருந்தினர் ஊர் திரும்பத் தொடங்கும் வேளை அது. அவர்களை மேலும் சில கிழமைகள் தங்கச் செய்வது ஹோட்டல் அதிபர்களின் விருப்பம். அதே நாளில் ஹிட்லரின் படைகள் போலந்தினுள் நுழைந்தமையால் விழா நடைபெறவில்லை.

போர் முடிவுற்ற பின்னர் 1946 செப்ரெம்பர் 20ஆம் திகதி முதலாவது விழா நகரசபைச் சூதாட்ட மண்டபத்தில் ஆரம்பமாயிற்று. 1946இன் பிரான்ஸ் 1939இன் பிரான்ஸ் அன்று. எதிர்ப்பியக்கத்தில் முன்னணியில் நின்ற தொழிலாளர் வர்க்கம் நாட்டின் வாழ்விற் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்தது. சீ.ஜீ.ரி. எனப்படும் தொழிற்சங்கக் கூட்டமைப்பு விழாவின் நிர்வாகச் சபையில் தொடக்கந் தொட்டே இடம்பெற்றது. அவ்வாண்டிற் பரிசு பெற்ற றெனே கிளெமோவின் ‘றெயில்பாதைப் போர்’ ஜேர்மன் ஆக்கிரமிப்பினை எதிர்த்த றெயில்வே தொழிலாளரின் கதை. அதில் உண்மையான றெயில்வே தொழிலாளர் பலரும் நடித்தனர். மறு ஆண்டு விழாவுக்கெனத் தனி மாளிகையொன்று கடற்கரைச் சாலையான குருவாசெத்தில் எழுப்பப்பட்டபோது, வேலையை உரிய காலத்துள் முடிப்பதற்காகச் சங்கத் தொழிலாளர் ஊதியம் பெறாத மணித்தியாலங்களையும் நல்கினர். தமக்குரியதெனக் கருதிய ஒன்றிற்காக அவர்கள் உழைத்தனர்.

அம்மாளிகையின் பின்னைய வரலாற்றினையும் கூறிவிடுதல் தகும். 1982 டிசெம்பரில், இன்று விழா நடைபெறும் புதிய மாளிகை திறந்துவைக்கப்பட்டது. பழையது 1988இல் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் ஆடம்பர ஹோட்டலொன்று எழுந்தது. 1968 மே மாதக் கிளர்ச்சியின் பேறாக மறு ஆண்டு தோன்றிய நெறியாளர் பதினைந்து நாள் என்னும் மாற்று விழா, இவ்ஹோட்டலின் அடித்தளத்து அரங்கிலேயே நடைபெற்று வருகின்றது.

விழாவின் காலமும் மாறிற்று. பணமின்மையால் 1948இலும் 1950இலும் விழா நடைபெறவில்லை. 1951இல் அது வசந்தத்திற்கு, ஏப்ரிலுக்கு, நகர்த்தப்பட்டது. வெனிஸுடன் மோதுவதைத் தவிர்த்தல் இதற்கு ஒரு காரணம். விளைவு யாதெனின், கோடையின் வாலை நீட்டிய விழா இப்பொழுது கோடையின் தலையை முன்னிழுக்கும் விழாவாயிற்று. ஸ்பானியக் கடற்கரை நகரான சன் செபஸ்தியானில் 1953இல் உள்ளூர் வர்த்தகர் செப்ரெம்பர் விழாவொன்றைத் தொடங்கியதும், 1975இல் நோர்மண்டிக் கரையிலுள்ள டோவில் அதே மாதத்தில் அமெரிக்கப் பட விழாவொன்றினை ஏற்படுத்தியதும் இதே கணக்கினை அடியொற்றியவையே. ஐரோப்பியத் திரைப்பட விழாக்களின் நாட்காட்டியை விரித்து வைத்துக்கொண்டு நோக்குபவர், கலையின் வளர்ச்சியைக் காண்பதிலும் பார்க்க ஹோட்டல் அறைகள் வெறுமையாகும் நாள்களையே அதிற் காண்பார்.

இனி, பருவம் உழைப்பினை எவ்வாறு உருவாக்குகின்றது என்பதை நோக்குவோம். ‘மூலதனம்’ முதலாந் தொகுதியில் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தைக் கற்றோர், மேரி ஆன் வாக்லி என்னும் இருபது வயதுத் தையற்பெண்ணை மறந்திருக்கமாட்டார்கள். 1863 ஜூனில், இலண்டன் சீசனின் உச்சத்தில் அவள் இறந்தாள். டென்மார்க்கிலிருந்து மணமகளாக வந்திருந்த வேல்ஸ் இளவரசியைக் கௌரவிக்கும் நடன விருந்துக்கான ஆடைகளைத் தைத்து முடிக்கும்பொருட்டு, வேறு 60 பெண்களுடன் இருபத்தாறரை மணித்தியாலம் இடைவிடாது வேலை செய்த பின்னர் நேர்ந்த மரணம் அது. இச்சம்பவம் மார்க்ஸினால் வெறும் அனுதாபத்துக்காக எடுத்தாளப்படவில்லை என்பது எமது கருத்து. பருவம் என்பது இயற்கையின் கட்டளையன்று. நுகர்வோரின் ஓய்வு நாட்காட்டி உற்பத்தியாளரின் உடலின்மீது எழுதப்படும் முறையே பருவம். அது உழைப்பினை ஒருபுறம் அளவின்றிச் செறியச் செய்கின்றது. மறுபுறம், செறிவு நீங்கியதும் உழைப்பாளியை விடுவித்துவிடுகின்றது. இடைப்பட்ட மாதங்களில் அவள் எவ்வாறு உண்பாள் என்பது முதலாளியின் கணக்கில் இல்லாத விடயம்.

ஏறத்தாழ எழுபதினாயிரம் மக்கள் வாழும் கானில் விழா நாள்களில் இரண்டு இலட்சம் பேர் வரை திரள்வர் எனக் கூறப்படுகின்றது. இவர்களை ஏற்றி இறக்கி, உண்பித்து, உறங்கச் செய்து, இருக்கையில் அமர்த்திப் படங்காட்ட வேண்டும். உணவு பரிமாறுவோரில் ஒரு பகுதியினர் நாட்கணக்கில் அமர்த்தப்படுபவர். இவர்களைப் பிரெஞ்சு ஹோட்டற்றொழிலில் ‘எக்ஸ்ரா’ என்றே அழைப்பர். தமிழ்ச் சினிமாவின் எக்ஸ்ரா நடிகரை அறிந்த எமக்கு இச்சொல்லின் ஒலி தரும் உணர்வு வேறு. ஆயினும் பொருள் அவ்வளவு தூரம் விலகியதன்று. அறைப் பணிப்பெண்களின் நிலை இன்னுங் கடினமானது. பிரான்சின் பெரிய ஹோட்டல்கள் பலவற்றில் அவர்கள் ஹோட்டலின் ஊழியரல்லர். துணை ஒப்பந்தக் கம்பனியின் ஊழியர். சம்பளம் மணித்தியாலத்துக்கு எனக் கூறப்பட்டாலும், உண்மையில் துப்புரவு செய்யப்படும் அறைகளின் எண்ணிக்கையே அளவுகோலாகும். பாரிஸின் பற்றின்யோல் பகுதி ஹோட்டலொன்றிற் பணிபுரிந்த, பெரும்பாலும் ஆபிரிக்கப் பிறப்பினரான பெண்கள் இம்முறையை எதிர்த்து 2019 தொடக்கம் 2021 வரை 22 மாதங்கள் போராடி வென்றனர். அவர்களுள் ஒருவரான றாஷல் கேக்கே 2022இல் பாராளுமன்றம் சென்றார்.

செங்கம்பளம் பற்றி ஒரு வார்த்தை. மாளிகையின் 24 படிகளை மூடும் அக்கம்பளம் முன்னர் நாளொன்றுக்கு மும்முறை மாற்றப்பட்டு வந்தது. அண்மை ஆண்டுகளில், சுற்றாடல் நலன் கருதி, இது குறைக்கப்பட்டுள்ளது. புகைப்படங்களில் ஒருபோதும் காணக்கிடைக்காதது, முழந்தாளிட்டு அதனை ஒட்டுவோரின் முதுகு.

ஆயின், விழாவின் தனித்தன்மை வாய்ந்த உழைப்பு ஹோட்டலில் அன்று, படங்காட்டும் அறையிலேயே உண்டு. 35 மில்லிமீற்றர் பிலிம் ஓடிய காலத்தில் ஒரு படம் ஐந்தாறு றீல்களாக வந்துசேரும். 2,000 அடி றீல் ஏறத்தாழ இருபது நிமிடம் ஓடும். இரு புரொஜெக்டர்கள் அருகருகே நிற்கும். திரையின் வலப்பக்க மேல்மூலையில் ஒரு சிறு புள்ளி கணநேரந் தோன்றி மறையும். அதனைக் கண்டதும் ஒப்பரேற்றர் இரண்டாவது கருவியை இயக்க வேண்டும். மீண்டும் புள்ளி தோன்றும்போது முதலாவதை மூட வேண்டும். இம்மாற்றத்தைப் பார்வையாளர் உணராதிருத்தலே அவரது திறமையின் அளவு. 1950களின் தொடக்கம் வரை பயன்பட்ட நைற்றேற்று பிலிம் எளிதில் தீப்பற்றுவது. ஆதலால் அவரது அறை தீக்காப்புச் சுவர்களாற் சூழப்பட்டிருந்தது. தன் திறமை வெளித்தெரியாதிருத்தலே தொழிலின் இலட்சணமாயிருந்த ஒருவர் வரலாற்றிலும் வெளித்தெரியாது போனதில் வியப்பில்லை.

2010ஐ அடுத்த ஆண்டுகளில் இலக்கமுறைப் பிரதி பிலிமை அகற்றியது. றீல்களின் இடத்தை வன்தட்டுப் பெட்டியும், குறித்த கருவியில் குறித்த நேரத்துக்கு மாத்திரமே படத்தைத் திறக்கும் இரகசியத் திறவுகோலும் பிடித்தன. ஹரி பிரேவர்மன் 1974இல் வெளியிட்ட நூலிற் கூறிய தொழிற்றிறன் இழப்பு இங்கு ஏறத்தாழ அவ்வாறே நிகழ்ந்ததைக் காண்கின்றோம். வழமையான திரையரங்குகளில் ஒருவரே பல திரைகளைக் கண்காணிப்பவரானார். பலர் வேலை இழந்தனர். விழாவிலோ நிலைமை சற்று வேறானது. உலகின் பல பாகங்களிலிருந்து வெவ்வேறு ஒலி முறையிலும் திரை அளவிலும் வரும் படங்களை, நெறியாளர் அருகிருக்க, நள்ளிரவுக்குப் பின்னர் பரிசோதித்து ஓட்டிப் பார்க்க வேண்டும். காலை எட்டரை மணிக்குப் பத்திரிகையாளர் வந்துவிடுவர். திறன் இங்கு ஒழியவில்லை. அது ஆண்டில் சில கிழமைகளுக்கு மாத்திரம் வேண்டப்படும் திறனாகிவிட்டது. தேர்ந்த தொழிலாளி பருவகாலத் தொழிலாளியாவது இவ்வாறே.

இலக்கிய மாணவர் என்ற முறையில் எம்மை மிகவும் கவர்ந்தவர் உபதலைப்பு இயக்குபவர். பல விழாக்களில் இரண்டாவது மொழியிலமைந்த உபதலைப்புக்கள் படத்திற் பதிக்கப்பட்டிருப்பதில்லை. திரையின் கீழ் ஒரு தனிப் பட்டையில் ஒளிர்கின்றன. அவற்றை ஒருவர் இருளில் அமர்ந்து, உரையாடலைச் செவிமடுத்து, வரிக்கு வரி விசையை அழுத்தி வெளியிடுகின்றார். நடிகர் பேசுமுன் வரி தோன்றினால் நகைச்சுவை கெடும். பிந்தினால் சோகம் கெடும். வாசிப்பு என்பது ஓர் உழைப்பு எனக் கோட்பாட்டளவிற் பேசுவோர் அவ்விருக்கையின் அருகே ஒருமுறை அமர்ந்து பார்த்தல் நன்று.

இவர்களோடு, விழாவுக்கு அனுப்பப்படும் 2,000க்கும் மேற்பட்ட முழுநீளப் படங்களை முதற்கட்டமாகப் பார்த்து வடிகட்டுவோர், பிரதிகளின் போக்குவரத்தைக் கவனிப்போர், அனுமதி அட்டை வழங்குவோர் எனப் பலர் உளர். படித்தவர்கள், பெரும்பாலும் இளைஞர், பெண்கள் மிகுதி. இவர்களுடைய ஊதியத்தில் ‘சினிமா மீதான ஆர்வம்’ ஒரு பகுதியாகக் கணிக்கப்படுகின்றது. அதாவது ஆர்வம் உள்ளமையால் ஊதியம் குறையலாம் என்பது எழுதப்படாத விதி. சிற்றேடுகளை ஊதியமின்றி நடத்திப் பழகிய நாம் இதனைக் கண்டு அதிர்ச்சியுறுவது போலப் பாசாங்கு செய்ய முடியாது. ஆயின் சிற்றேடு எவருக்கும் இலாபம் ஈட்டித் தருவதில்லை. ஒரு நகரத்தின் ஹோட்டல்களை நிரப்பும் விழாவினை அவ்வாறு கூறமுடியாது.

ஒரு விழா முடிந்ததும் இவர்கள் அடுத்த விழாவுக்குச் செல்கின்றனர். ஜனவரியில் ஆன்ஜே, அதனையடுத்துக் குறும்படங்களுக்கான கிளெமோன்-பெரோன், மேயில் கான், ஜூனில் அன்சி, ஜூலையில் லா றொஷெல், செப்ரெம்பரில் டோவில், நவம்பரில் நோந்த். அறுவடையைத் தொடர்ந்து ஊர்விட்டு ஊர் செல்லும் கூலியாட்களின் பயணத்துடன் இதனை ஒப்பிடுவது மிகையாகாது. இரு விழாக்களின் இடைவெளியில் வாழ்வதற்குப் பணம் எங்கிருந்து வரும்? எமது பிரச்சினையின் மையம் இதுவே.

பிரெஞ்சுத் தொழிலாளர் வர்க்கம் இதற்கு 1936இலேயே விடை கண்டிருந்தது. மக்கள் முன்னணி அரசாங்கம் அவ்வாண்டு ஜூனில் ஊதியத்துடன் கூடிய இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கியது. விடுமுறை என்பது உடையோரின் உடைமை என்ற நிலை முதன்முறையாக உடைந்தது. திரைப்படத் தொழில்நுட்பவியலாளருக்கான தனி ஏற்பாட்டின் வேரும் அதே ஆண்டைச் சார்ந்தது. பல முதலாளிகளிடம் விட்டுவிட்டு வேலை செய்வோர், வேலையற்ற இடைவெளியிலும் காப்புறுதிக் கொடுப்பனவு பெறும் முறையாக அது பின்னர் விரிந்தது. பன்னிரண்டு மாதங்களில் 507 மணித்தியாலம் வேலை செய்தோர் அதற்குத் தகுதியுடையோர். அதன் உட்கருத்து ஆழமானது: இடைவெளி தொழிலாளியின் சோம்பலன்று, தொழிலின் இயல்பு, ஆகவே அதன் செலவைச் சமூகம் ஏற்க வேண்டும். 2003இல் இவ்வேற்பாட்டினைச் சுருக்க முயன்றபோது எழுந்த வேலைநிறுத்தத்தால் அவிஞோன் நாடக விழாவே அவ்வாண்டு கைவிடப்பட்டது.

விழாத் தொழிலாளரிற் பலர் இவ்வேற்பாட்டினுள் அடங்குவதில்லை. படத்தை ஆக்குபவர் உள்ளே, ஆக்கிய படத்தை மக்களுக்குக் காட்டுபவர் வெளியே என்ற விசித்திரமான எல்லைக்கோடு அது. அவர்கள் பொதுவான வேலையற்றோர் காப்புறுதியையே நம்பியிருந்தனர். அதற்கு முன்னர் 28 மாதங்களில் 4 மாத வேலை போதியதாயிருந்தது. 2021இல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம் அதனை 24 மாதங்களில் 6 மாதம் என மாற்றியது. சில கிழமை நீடிக்கும் ஒப்பந்தங்களால் வாழ்பவருக்கு இதன் பொருள் வெளிப்படை.

இந்நிலையிற் கான் திரைகளில் எவை ஓடின என்பதையும் நோக்குதல் வேண்டும். 2022இல் தங்கப் பனையோலை விருது பெற்ற ரூபன் ஒஸ்ட்லுண்டின் ‘ட்ரையாங்கிள் ஒஃப் சாட்னஸ்’ செல்வந்தரின் உல்லாசக் கப்பலைச் சித்திரிப்பது. கப்பல் அழிந்தபின் தீவில் மீன்பிடிக்கத் தெரிந்த கழிவறைப் பணிப்பெண்ணே அங்கு ஆட்சியாளராகின்றாள். எமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் 2015இல் அதே விருதினைப் பெற்ற ஜாக் ஓடியாரின் ‘தீபன்’. ஈழத்திலிருந்து சென்ற அகதியொருவன் பாரிஸின் தெருக்களில் இரவுவேளை ஒளிரும் விளையாட்டுப் பொருள்களை விற்கும் காட்சி அதிலுண்டு. அப்பாத்திரத்தை ஏற்றவர் எழுத்தாளர் ஷோபாசக்தி. பிரான்சில் உணவகங்களிற் பாத்திரங் கழுவுதல் உட்படப் பல கூலி வேலைகளைச் செய்தவர். 1957இல் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ கானின் போட்டிப் பிரிவிற் காட்டப்பட்டபோது எமது நாட்டின் கிராமம் அங்கு திரையிற் சென்றது. 2015இல் எமது அகதித் தொழிலாளி படியேறிச் சென்றார். திரையிலுள்ள உழைப்பாளிக்கு அவ்வரங்கம் எழுந்து நின்று கைதட்டும் என்பதில் ஐயமில்லை. அதனைப் போலித்தனம் என ஒதுக்கிவிடுதல் எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. அழகியல் அனுபவமாக மாறிய உழைப்பை நுகர்வதும், அந்நுகர்வைச் சாத்தியமாக்கும் உழைப்பைக் காணாதிருப்பதும் ஒரே அமைப்பின் இரு பக்கங்கள் என்பதே எமது நிலைப்பாடு.

இப்பக்கங்கள் மாற்றி அமைக்கப்படக்கூடியன என்பதற்குக் கானின் அயலிலேயே சான்றுண்டு. முதலாவது விழா நடந்த அதே 1946இல் பிரான்சில் மின்சாரம் தேசியமயமாக்கப்பட்டது. கம்யூனிஸ்ட் அமைச்சரான மார்செல் போல் அச்சட்டத்தின் வழி மின்சார வருமானத்தில் ஒரு வீதத்தைத் தொழிலாளரின் சமூக நலன்களுக்கு ஒதுக்கினார். அந்நிதியத்தின் விடுமுறை இல்லமொன்று கானை அடுத்த லா நபூலில், கடலை நோக்கிய பழைய மாளிகையொன்றில் உள்ளது. கான் விழா நடைபெறும் அதே நாள்களில் அங்கு ‘சமூகப் பார்வைகள்’ என்னும் படவிழாவினை மின்சாரத் தொழிலாளர் அமைப்பு நடத்தி வருகின்றது. விடுமுறையும் திரைப்படமும் அங்கு வேறொரு வகையிற் சந்திக்கின்றன.

1968 மேயில் மாணவரும் தொழிலாளரும் வீதியில் இறங்கியபோது, கொதார், துரூபோ, லூயி மால் முதலியோர் திரைச்சீலையைப் பற்றிப் பிடித்துக் கான் விழாவை இடைநிறுத்தினர். இதனை எல்லோரும் அறிவர். நிறுத்தியவர் நெறியாளர்; ஒப்பரேற்றரோ பணிப்பெண்ணோ அக்கதையிற் பேசப்படுவதில்லை. அந்நாளைய பாரிஸ் சுவர்களிற் காணப்பட்ட சுலோகங்களுள் ஒன்று, பாவிய கற்களுக்குக் கீழே கடற்கரை உள்ளது என்பது. விழாத் தொழிலாளர் அமைத்த கூட்டு 2024இல் அதனைத் திருப்பித் தன் பெயராக்கிக் கொண்டது: திரைகளுக்குக் கீழே வறுமை. கடற்கரை உண்மையிலேயே காலடியில் உள்ள நகரத்தில் இப்பெயரின் கூர்மை தனியானது. இடைவெளிக் காப்புறுதி ஏற்பாட்டினுள் தம்மையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்பதே அவர்களது கோரிக்கை. மே 6ஆம் திகதி அவர்கள் வேலைநிறுத்த அழைப்பு விடுத்தனர். அதற்கு முந்திய ஆண்டு, ஓய்வூதியச் சட்டத்துக்கு எதிரான கிளர்ச்சியின்போது, குருவாசெத்தில் ஆர்ப்பாட்டம் செய்வது தடைசெய்யப்பட்டிருந்தமையால் ஹோட்டல் தொழிலாளர் கார்ல்ரன் ஹோட்டல் வாசலிலேயே கூடியிருந்தனர். இம்முறை குரல் மாளிகையின் உள்ளிருந்தே எழுந்தது. தொடக்க நாளான மே 14ஆம் திகதி விழா மாளிகையில் அவர்களுடைய பதாகை விரிக்கப்பட்டது.

விழா நிற்கவில்லை. பன்னிரண்டு நாள்களும் படங்கள் குறித்த நேரத்தில் ஆரம்பமாயின. மே 25ஆம் திகதி, நியூயோர்க்கில் உடலை விற்று வாழும் இளம்பெண்ணொருத்தியின் கதையான ஷோன் பேக்கரின் ‘அனோரா’ தங்கப் பனையோலையைப் பெற்றது. ஜூன் 9ஆம் திகதி ஆல்ப்ஸ் மலையடிவாரத்து ஏரிக்கரை நகரான அன்சியில் அசைவூட்டப் பட விழா தொடங்கிற்று. அங்கும் கோடைப் பருவம் ஆரம்பமாகியிருந்தது.